எலிமாந்தரின் புதையல்

பாத்திரமேற்று ஆடும் புனைவுலக விளையாட்டுகளில் ஓர் இனம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், நூலில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்ப்பதைவிட, அந்த இனத்துக்கு வகுத்திருக்கும் விதிகளைப் படிப்பதே பயன்தரும். வாலும் மீசையும் வரைந்துவிட்டால் எந்த உருவமும் எலிமனிதராகிவிடும். ஆனால் அந்த எலிமனிதர் இருட்டில் எவ்வளவு தூரம் உணர்வார், நஞ்சிலிருந்து எப்படித் தப்புவார், எதைச் சேர்த்துவைப்பார், எதை இழந்தால் தளர்ந்துபோவார் என்பவற்றை எண்களாக எழுதத் தொடங்கும்போதுதான், எழுதுபவரின் நாட்டார் எலியைப் பற்றி என்ன நினைத்து வந்திருக்கிறார்கள் என்பது வெளிப்படும். மேலைநாட்டு நூல்களில் வரும் எலிமாந்தர் பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களின் சாக்கடைகளிலும் கொள்ளைநோயின் நினைவிலும் பிறந்தவர்கள். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலையையும் அதன் அடிவாரத்து வயல்களையும் களமாகக் கொண்டு அதே இனத்தைப் புதிதாக எழுத முற்பட்டால், விதிகள் வேறாகத்தான் அமையும். அதற்கு வேண்டிய பொருள் தமிழ் மரபிலும் பிற இந்திய மரபுகளிலும் ஏராளமாகக் கிடக்கிறது.

இவ்வகை விளையாட்டை நேரில் கண்டிராதவர்களுக்காக அதன் அமைப்பை முதலில் சொல்லவேண்டும். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர, அவர்களுள் ஒருவர் ஆட்டநடத்துநராகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்கிறார்கள். மலைச்சரிவில் ஒரு குகை தெரிகிறது, உள்ளே நீர் சொட்டும் ஓசை கேட்கிறது என்று நடத்துநர் சூழலை விவரிக்க, தம் பாத்திரம் அங்கே என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். முடிவு எப்படியும் அமையலாம் என்ற நிலை வரும்போது பகடை உருட்டப்படுகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடக்காரர்களை விசாரித்து விசாரித்துக் கதையை நகர்த்துவதைப்போலவே நடத்துநரும் கேள்விகளால் கதையை நகர்த்துகிறார்; கூத்தில் பதினெட்டாம் போரின் முடிவு பார்ப்பவர் அனைவருக்கும் முன்பே தெரியும், இங்கே நடத்துநருக்குக்கூடத் தெரியாது என்பதே வேறுபாடு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வகையில் அச்சில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. அந்நூலும், 1981இல் டாம் மால்ட்வே திருத்தி எழுதிய அடிப்படைப் பதிப்பும், அவற்றை ஒட்டி எழுந்த பிற நூல்களும் இன்று ‘பழைய பாணி’ என்று வழங்கப்படுகின்றன. விதிகள் சுருக்கமாக இருக்கும். பாத்திரங்கள் எளிதில் இறந்துபோகும். வீரத்தைவிட முன்யோசனையே உயிரைக் காக்கும். பிற்காலப் பதிப்புகள் பருத்துச் சிக்கலாகிவிட்டன என்று கருதியவர்கள், 2000இல் வெளியான திறந்த விளையாட்டு உரிமத்தைப் பயன்படுத்திப் பழைய விதிகளை மீண்டும் எழுதி அச்சிடத் தொடங்கினர். 2006இல் வந்த ‘ஆஸ்ரிக்’, 2007இல் வந்த ‘லேபிரிந்த் லார்ட்’, ‘பேசிக் ஃபேண்டசி’, 2019இல் வந்த ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ ஆகியவை அந்த வரிசையில் பெயர்பெற்றவை. இந்த நூல்களுக்குத் துணைநூலாகப் புதிய இனங்களை எழுதிச் சேர்ப்பது ஆர்வலர்களின் விருப்பமான வேலை. பூனைமாந்தர், ஆமைமாந்தர், எலிமாந்தர் என்று பலவகை இனங்கள் இப்படித்தான் பெருகின.

பழைய பாணியில் ஓர் இனம் என்பது சில எண்களின் தொகுப்பு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, அறிவு, ஞானம், சுறுசுறுப்பு, உடலுறுதி, கவர்ச்சி என்னும் ஆறு தன்மைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையை எழுதிக்கொள்ளவேண்டும். மூன்று பகடைகள் 216 விதமாக விழக்கூடும் என்பதால், 18 கிடைக்கும் வாய்ப்பு 216இல் ஒன்றுதான். 9 அல்லது அதற்கு மேல் கிடைக்கும் வாய்ப்போ ஏறத்தாழ நூற்றுக்கு 74. 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் இனமும் தொழிலும் ஒன்றே: மனிதராக இருப்பவர் போர்வீரர், பூசகர், மந்திரவாதி, திருடர் என்று ஏதேனும் ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்ளலாம், குள்ளர், எல்ஃப், ஹாஃப்லிங் என்னும் குறுமாந்தர் ஆகியோருக்கு அவர்களுடைய இனமே தொழில். குறுமாந்தராக ஆடுவதற்குச் சுறுசுறுப்பும் உடலுறுதியும் 9க்குக் குறையக்கூடாது. காட்டிலும் புதரிலும் அவர்கள் நூற்றுக்கு 90 முறை கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வார்கள். ஆனால் பாத்திரங்கள் தேர்ச்சிக்கேற்ப ஏறும் படிநிலைகளில் எட்டாவதற்கு மேல் உயரவே முடியாது. 1974ஆம் ஆண்டு முதற்பதிப்பில் இந்த உச்சவரம்பு நான்காம் படிநிலையாகவே இருந்தது. மனிதரல்லாதோருக்குப் பிறப்பிலேயே தரப்படும் சலுகைகளை இப்படி ஒரு வரம்பால் ஈடுகட்டுவது அக்கால வழக்கம். அது நியாயமா என்ற சச்சரவு அந்நாளிலேயே எழுந்தது, இன்றும் ஓயவில்லை.

இந்த நூல்களில் எலி எப்படி இடம்பெற்றிருக்கிறது என்று பார்த்தால் ஒரே சித்திரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 1981ஆம் ஆண்டு விதிப்படி எலிக்கடி ஒவ்வொன்றிலும் இருபதில் ஒரு பங்கு நோய்த்தொற்று வாய்ப்பு உண்டு. தொற்றுக்கு ஆளானவர் சில நாள்களில் இறக்கலாம், அல்லது ஒரு மாதம் படுக்கையில் கிடக்கலாம். எலியாகவும் மனிதராகவும் மாறவல்ல ‘வேர்ராட்’ என்னும் உயிரினம் பதுங்கியிருந்து தாக்குவதில் தேர்ந்தது, எலிக்கூட்டத்தை உதவிக்கு அழைக்கக்கூடியது. 1977ஆம் ஆண்டின் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூல் அதை நகரங்களின் அடியிலுள்ள சுரங்கவழிகளில் குடியமர்த்தியது. ஃபிரிட்ஸ் லைபர் 1968இல் வெளியிட்ட ‘லங்க்மாரின் வாள்கள்’ என்ற நாவலில் நகரத்தின் அடியில் எலிகளின் இன்னொரு நகரம் இருக்கிறது. கைகாக்ஸ் தமக்கு ஊக்கமளித்த எழுத்தாளர்களின் பட்டியலில் லைபரையும் சேர்த்திருந்தார். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘ஸ்கேவன்’ என்னும் எலிமாந்தர் படை இதே சித்திரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது: தரைக்கடியில் எண்ணிலடங்காத கூட்டம், நோயைப் பரப்பும் துறவியர், ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் தலைவர்கள். 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புச் சாவு, ஹாமலின் நகரத்துக் குழலூதியின் கதை, தொழிற்புரட்சிக் காலத்து நகரச் சாக்கடை ஆகிய மூன்றும் சேர்ந்து வடித்த எலி இது. எலியைக் கதைத்தலைவனாகவே வைத்து 2008இல் வந்த ‘மவுஸ் கார்ட்’, 2020இல் வந்த ‘மௌஸ்ரிட்டர்’ போன்ற விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் வருவன வாளேந்திய சின்னஞ்சிறு சுண்டெலிகள், எலிமாந்தர் அல்லர்.

பாத்ஃபைண்டர் என்னும் விளையாட்டுக்கு 2011இல் வெளிவந்த மூன்றாம் உயிரினத் தொகுதியில் எலிமாந்தரும் வானரரும் ஒரே நூலில் இடம்பெற்றனர். அடுத்த ஆண்டே இரு இனத்தாரையும் விளையாடுவோர் ஏற்று ஆடுவதற்கான முழு விதிகள் வந்தன. எலிமாந்தர் இருவர் ஒரே கட்டத்தில் நெருங்கி நின்று சண்டையிடலாம் என்ற விதி வளைக்குள் நெருக்கியடித்து வாழும் பழக்கத்திலிருந்து பிறந்தது, பாராட்டத்தக்க நுட்பம்தான். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காணாமல் இருக்க முடியாது. குரங்குமனிதரைப் படைக்க வேண்டியபோது அந்நூலாசிரியர்கள் இராமாயணத்தை நாடினர். எலிமனிதரைப் படைக்க வேண்டியபோது இந்தியப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்த்தமலைக்காரர்களுக்கு வானரர் அயலார் அல்லர். இராவணவதம் முடித்துத் திரும்பும் வழியில் இராமன் இம்மலையில் சிவனை வழிபட விரும்பினான் என்றும், காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவரச் சென்ற அனுமன் வரத் தாமதமாகவே அம்பெய்து மலையிலேயே ஊற்றைப் பெருகச் செய்தான் என்றும், பிந்தி வந்த அனுமன் தான் கொணர்ந்த தீர்த்தத்தை வீசியெறிய, அது விழுந்த இடமே தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள அனுமன் தீர்த்தம் என்றும் தலபுராணம் சொல்கிறது. மலைமேல் தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் கோயில்கொண்டிருக்க, இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி ஆகியோர் பெயரால் வழங்கும் தீர்த்தங்கள் அம்மலையிலேயே உள்ளன. பாறை உச்சியிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தில் நீராடிவிட்டே அடியவர்கள் சன்னதிக்குச் செல்வர். அருணகிரிநாதர் பாடிய தலங்களில் இதுவும் ஒன்று. ஆக, மனிதரோடு தோளோடு தோள் நிற்கும் விலங்கினத்தார் என்ற எண்ணம் இந்த ஊரில் ஏற்கெனவே குடியிருக்கிறது. இராமன் கதையில் கொறிவிலங்குக்கும் ஓர் இடம் உண்டு: அணை கட்ட மணல் சுமந்த அணில், தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இடம்பெற்றிருக்கிறது, அணிலும் முள்ளம்பன்றியும் எலியைப்போலவே விலங்கியல்படி கொறிவிலங்கு வரிசையைச் சேர்ந்தவை. விநாயகரின் வாகனமென்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் மூஞ்சூறுதான் அந்த வரிசையைச் சேராதது; அது பூச்சியுண்ணும் வேறொரு குலம்.

எலிக்கும் மனிதருக்கும் இடையிலான எல்லை இந்தியக் கதைகளில் மிக எளிதாகக் கடக்கப்படுகிறது. இந்திரசபையில் வாமதேவ முனிவரின் காலை மிதித்த கிரௌஞ்சன் என்னும் கந்தருவன் சாபத்தால் பெரிய எலியாகி, பராசரரின் ஆசிரமத்தைப் பாழ்படுத்த, விநாயகர் பாசக்கயிற்றால் அதைப் பிடித்து வாகனமாக்கிக்கொண்டார் என்பது ஒரு கதை. கச்சியப்பரின் கந்தபுராணமோ, விநாயகர் தம் கொம்பை ஒடித்தெறிந்து வீழ்த்திய கயமுகாசுரனே பெருச்சாளி வடிவெடுத்து வந்து வாகனமானான் என்று கூறுகிறது. திருமறைக்காடு என்னும் வேதாரண்யத்தில், கோயில் விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த எலியின் மூக்கு பட்டு அணையவிருந்த திரி தூண்டப்பட, அந்தப் புண்ணியத்தால் அவ்வெலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. அப்பர் தேவாரத்திலேயே இச்செய்தி வருகிறது. ஏழிமலையை ஆண்ட மூஷிக மரபினரின் வரலாற்றைப் பாடும் அதுலரின் மூஷிகவம்சம் என்ற வடமொழிக் காவியம், பரசுராமருக்கு அஞ்சி மலைக்குகையில் ஒளிந்த கருவுற்ற அரசியின் முன் யானையளவு எலியொன்று தோன்றியதாகவும், அவள் பார்வைத் தீயில் அது எரிந்து, சாபம் நீங்கிய மலையரசனாக நின்றதாகவும் சொல்லி, அவள் மகனிலிருந்து அரசமரபைத் தொடங்குகிறது.

இவையெல்லாம் ஏட்டுக் கதைகள் என்றால், ராஜஸ்தானில் பிகானேருக்கு அருகிலுள்ள தேஷ்நோக் ஊரின் கர்ணி மாதா கோயிலில் இதே நம்பிக்கை அன்றாட வழிபாடாகவே நடந்துவருகிறது. காபா என்று அழைக்கப்படும் ஆயிரக்கணக்கான எலிகள் அங்கே தட்டுகளில் ஊற்றிய பாலைக் குடித்துக்கொண்டு பக்தர்களின் கால்களுக்கிடையே ஓடுகின்றன. சாரணர் குலத்தில் இறப்போர் எலியாகவும், எலியாக இறப்போர் மீண்டும் சாரணராகவும் பிறப்பர் என்பது அங்குள்ளோரின் நம்பிக்கை. பழைய பாணி விளையாட்டுகளில் ஒரு பாத்திரம் இறந்தால் விளையாடுபவர் முன்கதை ஏதுமில்லாத புதிய பாத்திரத்தை முதற்படியிலிருந்து தொடங்கவேண்டும். தேஷ்நோக்கின் நம்பிக்கையை விதியாக்கினால், இறந்த எலிமனிதர் அதே குலத்தில் மனிதராகப் பிறந்து, முற்பிறவியில் கண்ட ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம்.

ஆனால் விதியமைப்பவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கொடை பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்னும் நகரத்தை அடுத்த மடமொன்றில் வாழ்ந்த இரணியகன் என்ற எலி, துறவி எவ்வளவு உயரத்தில் பிச்சைப் பாத்திரத்தைத் தொங்கவிட்டாலும் தாவி ஏறி உணவைக் கவர்ந்துவந்தது. விருந்தாளியாக வந்த இன்னொரு துறவி, ஓர் எலி இவ்வளவு உயரம் தாவவேண்டுமானால் அதன் வளைக்கு அடியில் புதையல் இருக்கவேண்டும், அந்தப் பொருளின் சூடுதான் அதற்கு வலிமை தருகிறது என்று கணித்து, வளையைத் தோண்டிப் புதையலை எடுத்துவிடுகிறார். அன்றுமுதல் இரணியகனால் தாவ முடியவில்லை. உடனிருந்த எலிகளும் இவனிடம் இனி என்ன இருக்கிறது என்று விலகிப்போகின்றன.

இதன் அருமை பழைய பாணியின் அனுபவப்புள்ளி விதியை அறிந்தவர்க்கே முழுதாக விளங்கும். அனுபவப்புள்ளி என்பது பாத்திரம் படிநிலை உயர்வதற்கான கணக்கு. 1981ஆம் ஆண்டு விதிப்படி, பாத்திரங்கள் புகுந்து தேடும் பாதாளத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. பகைவரைக் கொன்று பெறும் புள்ளிகள் இதற்குமுன் சொற்பம். பொன்னைக் கொண்டுவந்தால் ஏன் ஒருவர் வாள்வீச்சில் தேர்ச்சிபெற வேண்டும் என்ற கேள்விக்கு அந்நூல்களில் மனநிறைவான விடை கிடையாது. இரணியகன் கதையில் விடை இருக்கிறது: புதையலே வலிமை, ஆகவே புதையல் போனால் வலிமையும் போகும். எலிமாந்தருக்கு இதையே அடிப்படை விதியாக வைக்கலாம். அவர்கள் கொண்டுவரும் பொருள் வளையில் சேர்ந்து, அங்கேயே பத்திரமாக இருக்கும்வரைதான் புள்ளியாகக் கணக்காகும். செலவழித்தாலோ, எவரேனும் தோண்டி எடுத்தாலோ புள்ளி குறையும், படிநிலையும் இறங்கும். இரண்டாம் படிநிலைக்குத் திருடருக்கு 1,200 புள்ளியும் குறுமாந்தருக்கு 2,000 புள்ளியும் தேவைப்படும் அந்த முறையில், இழக்கக்கூடிய புள்ளியைச் சுமக்கும் எலிமாந்தருக்கு 1,500 என்று வைப்பது முறையாக இருக்கும். மற்ற இனத்தார் பாதாளத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க, எலிமனிதர் மட்டும் வீட்டைப் பற்றிய கவலையோடு வருவார். ஆட்டத்தின் போக்கே அதனால் மாறிவிடும்.

வளை எப்படியிருக்கும் என்பதை நூல்களில் தேடவேண்டியதில்லை. நெல்லும் கேழ்வரகும் கடலையும் விளையும் நிலங்களில் கரம்பை எலியின் வளை வாயில் தோண்டித் தள்ளிய மண் குவியலாகக் கிடக்கும். உள்ளே வழி பல கிளைகளாகப் பிரியும். ஓர் அறையில் வைக்கோல் துணுக்குகளைப் பரப்பிக் குட்டிகளை வைத்திருக்கும், வேறோர் அறையில் கதிர்களைக் கடித்துக் கொண்டுபோய் அடுக்கியிருக்கும். தப்பிச் செல்லும் வாயில்களைத் திறந்துவைக்காமல் மேலே மெல்லிய மண்போர்வை மட்டும் விட்டிருப்பதால், ஆபத்து வந்தால் எலி அதை முட்டிக்கொண்டு வெளியேறிவிடும். இருளர்கள் எலி பிடிக்கும் முறை இந்த அமைப்பைத் துல்லியமாக அறிந்து எழுந்தது: சுற்றுமுற்றும் பார்த்துத் தப்பும் வாயில்களைக் கண்டறிந்து அடைத்த பின், வைக்கோல் அடைத்து நெருப்பிட்ட மண்பானையின் வாயை வளையில் பொருத்தி, பானையின் அடியிலுள்ள துளைவழியே வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவர், எலி மயங்கியதும் தோண்டி எடுத்து, அது சேர்த்துவைத்த தானியத்தையும் கைக்கொள்வர். புகை நேரே முகத்திலும் நுரையீரலிலும் படும் கடினமான வேலை அது. பாம்பு பிடிப்பதிலும் தேர்ந்த இச்சமூகத்தார்க்காக 1978இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் இன்றும் நச்சுமுறி மருந்துக்கு நஞ்சு திரட்டித் தருகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

இங்கே எழுதுபவர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடமொன்று உண்டு. எலியைப் பிடிப்போரையும் உண்போரையும் எலியோடு சேர்த்து இழிவாகப் பேசும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருக்கும் சூழலில், எலிமாந்தர் இனத்துக்கு ஏதேனும் ஒரு சமூகத்தின் தொழிலையோ உடையையோ பேச்சையோ அப்படியே எடுத்துப் பூசுவது விளையாட்டாக முடியாது. பிறப்பாலேயே ஒரு கூட்டத்தின் குணத்தை வரையறுக்கும் வழக்கத்தின்மேல் எழுந்த விமரிசனத்தால், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நூலே 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் இனம் என்ற சொல்லைக் கைவிட்டு உயிரின வகை என்ற பொருள்தரும் சொல்லுக்கு மாறியது. எலிபிடிப்பவரின் அறிவு இந்த விளையாட்டில் இடம்பெறுவதானால், அது எலிமாந்தரை எதிர்கொள்ளவல்ல மனிதத் தொழிலொன்றின் திறமையாக இடம்பெறலாம்: ஒளிந்திருக்கும் வாயிலைக் கண்டறிவதில் அவரை வெல்ல எல்ஃபாலும் ஆகாது.

உடற்கூற்று விதிகளையும் வயலே சொல்லித்தரும். எலிக்குப் பார்வை மந்தம். இருட்டில் அதற்கு வழிகாட்டுவன மீசையும் மோப்பமும். எனவே குள்ளருக்கும் எல்ஃபுகளுக்கும் அறுபது அடிவரை கொடுக்கப்படும் இருட்பார்வையை எலிமாந்தருக்கும் கொடுத்துவிடுவது சோம்பேறித்தனம். பத்தடிக்குள் இருப்பதை விளக்கின்றியே உணர்வர், அதற்கப்பால் எதுவும் தெரியாது என்று வைப்பதே பொருத்தம். வெட்டுப்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதாலும், முன்பக்கத்தில் மட்டும் கடினமான எனாமல் இருப்பதால் தேயத்தேயக் கூராவதாலும், கயிறும் மரக்கதவும் எலிமனிதரைச் சிறைவைக்க மாட்டா. ஆனால் கொறிக்க ஏதும் கிடைக்காத கற்சிறையில் அவர் நாளுக்குநாள் நலிவார். நஞ்சைப் பொறுத்தவரை உடலுறுதியால் வென்றுவிடும் சலுகையைத் தருவது தவறு. எலி நஞ்சைத் தாங்குவதில்லை, ஐயுறுகிறது: புதிய தீனியைக் கண்டால் முதலில் ஒதுங்கும், பிறகு சிறிதளவு மட்டும் சுவைத்துப் பார்க்கும், உடலுக்கு ஒவ்வாவிட்டால் மறுபடி தொடாது. அதனால்தான் விவசாயிகள் நஞ்சு வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் நஞ்சு கலவாத தீனியை வைத்துப் பழக்குகிறார்கள். ஆட்டத்தில் இது அழகான விதியாகும்: புதிய உணவிலோ பானத்திலோ நஞ்சிருந்தால் எலிமனிதர் ஓர் அறுமுகப் பகடையில் 1 முதல் 4 வரை விழுந்தால் கண்டுபிடித்துவிடுவார், மூன்று நாள் ஒரே கையால் உண்டு பழகிய பிறகு அந்தக் கை நஞ்சிட்டால் அவருக்குப் பகடையே கிடையாது. துரோகத்துக்கு இதைவிட நல்ல வாயில் ஒரு கதைக்கு வேண்டியதில்லை.

நோயை முற்றிலும் ஒதுக்கிவிடலாமா என்றால், அதுவும் உண்மையாகாது. 1896இல் பம்பாயில் தொடங்கிய கொள்ளைநோய் தென்னகத்தையும் தாக்கியது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் எல்லைப்பகுதி, காட்டெலிகளிடையே இந்நோய்க்கிருமி நிலைத்திருக்கக்கூடிய இயற்கை மையமாகக் கண்டறியப்பட்டதால், 2004வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் கண்காணிக்கும் அரசு நிறுவனம் செயல்பட்டுவருகிறது. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில்தான் ஆய்வால் காட்டினார். நோய் வந்தால் மனிதருக்கு முன்பே எலிகள் செத்துவிழும். ஊரார் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறுவதற்கு அதுவே அறிகுறியாக இருந்தது. ஆகவே இவ்விளையாட்டில் எலிமாந்தர் நோயைப் பரப்புவோராக அன்றி, அதற்கு முதலில் பலியாவோராக, அதனாலேயே அதன் வரவை எல்லோருக்கும் முன்னால் அறிவோராக அமைவதே வரலாற்றுக்கும் ஒத்துவரும்.

இத்தகைய இனத்தோடு தீர்த்தமலையில் என்ன கதை நடக்கும் என்பதை விரித்துரைக்க இங்கே இடமில்லை. ஒரு குறிப்பு போதும். மலையின் ஊற்றுகள் பாறையிடுக்கில் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் புகுவது பழைய பாணியின் பாதாளப் பயணத்துக்கு ஆயத்தமாகவே அமைந்த தொடக்கம். தருமபுரி, செங்கம் பகுதிகளில் நிறைந்திருக்கும் நடுகற்கள் இன்னொரு வாயில்: தமிழகத் தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி 1972இல் பதிப்பித்த செங்கம் நடுகற்கள் என்ற நூல் காட்டுவதைப்போல, அக்கற்களில் பெரும்பாலானவை ஆநிரை கவர்வதிலும் மீட்பதிலும் இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. எடுத்தனூர்க் கல்லொன்று, மகேந்திரவர்மன் காலத்தில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்ற நாயையும் உருவம் செதுக்கிப் பெயர் பொறித்திருக்கிறது. நாய்க்குக் கல் எடுத்த நாட்டில் எலிமனிதருக்கும் ஒரு கல் எடுக்கப்படுவது விந்தையாகாது. இறந்த பாத்திரத்துக்குத் தோழர்கள் நடுகல் எடுத்தால், அவருடைய வளைப்புதையலில் பாதி அடுத்த பாத்திரத்தைச் சேரும் என்று விதி எழுதலாம்.

உச்சவரம்பு வேண்டுமா என்ற பழைய சச்சரவுக்கும் புதையல் விதியே முடிவு கட்டிவிடுகிறது. எலிமனிதரின் படிநிலைக்கு நூலாசிரியர் எட்டென்றோ பன்னிரண்டென்றோ எல்லை குறிக்கவேண்டியதில்லை. காக்கக்கூடிய அளவுக்குமேல் வளையில் சேர்ந்தால் தோண்ட வருபவர்களும் பெருகுவார்கள் என்பதால் எல்லை தானே அமைந்துவிடும். இவற்றையெல்லாம் தமிழில் எழுதி வெளியிடுவதற்கும் இப்போது தடை குறைவு: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது, பழைய பாணியைச் சேர்ந்த ‘பேசிக் ஃபேண்டசி’யின் நான்காம் பதிப்பும் அவ்வாண்டே அத்தகைய உரிமத்துக்கு மாறியதால், அதை மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. இவ்வகை விளையாட்டுக்கு வேண்டிய இருபது முகப் பகடை சிற்றூர்க் கடைகளில் கிடைக்காது என்பது உண்மையான தொல்லைதான். எனினும் 1974ஆம் ஆண்டு முதற்பதிப்பின் அடிப்படை விதிகளில் எல்லா ஆயுதங்களின் சேதமும் அறுமுகப் பகடையாலேயே கணக்கிடப்பட்டது; நான்முகப் பகடை வேண்டுமிடத்தில், வெறும் பக்கத்தை நான்கென்று கொண்டு ஒரு பித்தளைத் தாயக்கட்டையை உருட்டினால் கணக்குத் தவறாது.